குதிரையும் கொஞ்சம் இன்சுலினும்

இளைச்சவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளுன்னு எங்க ஊர்ல சொல்வாங்க. எங்க ஊருன்னா அந்தியூர். ஆடி மாசம் குருநாதசாமி கோயில் திருவிழாவுக்கு மாட்டுச் சந்தையும் குதிரைச் சந்தையும் கூடுமே, அதே அந்தியூர்தான். சின்ன வயசுல அப்பா தோள்ல உக்காந்து நான் பார்த்த குதிரைங்க எல்லாம் கொள்ளு தின்னு பளபளன்னு நிக்கும். குதிரை கொழுகொழுன்னு இருந்தா அது நல்ல குதிரை, வளக்குறவரு நல்ல மனுஷன். எனக்குத் தெரிஞ்ச குதிரை சாஸ்திரம் மொத்தமும் இம்புட்டுதான். நாலு வருஷம் இன்ஜினியரிங் படிச்சதுல குதிரைன்னு காதுல விழுந்தது குதிரைத்திறன் மட்டுமே.

அப்படிப்பட்டவன் இப்ப ரெண்டு வருஷத்துக்கும் மேல ஒரு குதிரைக்கு சாப்பாட்டுக் கணக்கு எழுதிட்டு இருக்கேன். எப்படின்னு சொல்றேன்.

நான் பொட்டி தட்டுறது அமெரிக்காவோட வடகிழக்கு மூலையில, வெர்மான்ட்ல. பாதி நாள் வீட்டுலருந்தே ஆணி புடுங்கலாங்கிறதால ஊருக்கு வெளிய ஒரு பழைய பண்ணை வீட்டோட மாடியில வாடகைக்கு இருக்கேன். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது தாண்டிருச்சு, ரிட்டயர்டு டீச்சர். வீட்டுக்காரர் 2019ல தவறிட்டார். அவர் விட்டுட்டுப் போனது ஒரு டிராக்டர், ஒரு ஆப்பிள் மரம், ஒரு குதிரை.

குதிரை மார்கன் ஜாதி. இந்த ஜாதி மொத்தமும் 1789ல பொறந்த ஃபிகர்ங்கிற ஒரே ஒரு ஆண் குதிரையோட வம்சம். நமக்கு வரையாடு மாதிரி வெர்மான்ட்டுக்கு மாநில விலங்கே இதுதான். கம்மியாத் தின்னு நிறைய உழைக்கும்னு பேரு. இங்கிலீஷ்ல இந்த மாதிரிக் குதிரையை 'ஈஸி கீப்பர்'னு சொல்றாங்க. காத்தைக் குடிச்சே கொழுக்குற ஜாதின்னு வெச்சுக்கங்க. நம்மாளுக்கு அப்ப வயசு 17. காகிதத்துல ரயில் நீளத்துக்கு ஒரு பேரு இருக்கு. நான் கூப்பிடுறது ராசா.

2023 அக்டோபர்ல ஒரு வாரம் பகல்ல நல்ல வெயில், ராத்திரி ஆனா உறையுற குளிர். மழைக்கு அப்புறம் துளிர்த்த புல்லு, மேய்ச்சல் நிலம் பூரா பச்சைக் கம்பளம். அந்த வாரக் கடைசியில ஒரு காலையில ராசா நின்ன இடத்தை விட்டு நகர மாட்டேங்குறான். முன்னங்கால் ரெண்டையும் முன்னாடி நீட்டி, மொத்த பாரத்தையும் பின்னங்கால்ல போட்டு, சித்திரை வெயில்ல தார் ரோட்டுல செருப்பில்லாம மாட்டிக்கிட்டவன் மாதிரி நிக்கிறான். குளம்பைத் தொட்டா சுடுது. குளம்புக்கு மேல விரலை வெச்சா நாடி திம் திம்னு அடிக்குது.

டாக்டரம்மா வந்து பார்த்துட்டு லேமினைட்டிஸ்னாங்க. எனக்கு அது புதுப் பேரு. வீட்டுக்கார அம்மாவுக்கு அது என்னன்னு தெரிஞ்சிருந்துச்சு. அவங்க மூஞ்சியைப் பார்த்தே எனக்கு விஷயத்தோட கனம் புரிஞ்சிருச்சு.

குளம்புங்கிறது நம்ம நகம் மாதிரிதான். ஆனா நாம நகத்து மேல நிக்கிறதில்ல. குதிரை நிக்குது. நானூத்தி சொச்சம் கிலோ உடம்பு. குளம்புக்குள்ள இருக்கிற எலும்பை குளம்புச் சுவரோட புடிச்சு வெச்சிருக்கிறது இலை இலையா ஒண்ணுக்குள்ள ஒண்ணு கோத்துக்கிட்டிருக்கிற மெல்லிய சதை. வெல்க்ரோ ஒட்டிக்கிற மாதிரி. அந்தப் பிடி விட்டுச்சுன்னா எலும்பு உள்ளுக்குள்ளயே சாயும், இல்ல கீழ இறங்கும். ரொம்பப் போனா அடிப்பாதத்தைத் துளைச்சுக்கிட்டு வெளியவே வரும். 1973ல பெல்மான்ட் பந்தயத்தை 31 குதிரை நீள வித்தியாசத்துல ஜெயிச்ச செக்ரடேரியட்டைக் கேள்விப்பட்டிருப்பீங்க. அந்த மகாராஜாவையே 1989ல இந்த நோவு தாங்காமதான் கருணைக்கொலை பண்ண வேண்டியதாச்சு.

ராசாவுக்கு எக்ஸ்ரே எடுத்ததுல முன்னங்கால் எலும்பு ரெண்டும் கொஞ்சம் சாஞ்சிருந்துச்சு. டாக்டரம்மா ஒளிச்சுப் பேசலை. காரணத்தைப் பிடிச்சு நிறுத்தினா பிழைக்க வாய்ப்பு நல்லாவே இருக்கு, நிறுத்த முடியலைன்னா இன்னொரு தடவை வரும், அப்ப ஊசி போட்டு அனுப்பி வைக்கிறதுதான் நியாயம், அப்படின்னாங்க. மூணு நாள் காலை ஐஸ் தண்ணியில வெச்சிருந்தோம். வலி மாத்திரை, லாயத்துல முழங்கால் உசரத்துக்கு மரத்தூள் மெத்தை, பாதத்துக்கு அடியில ஃபோம் வெச்சு டேப் சுத்துனது. கூடவே ரத்தம் எடுத்துட்டுப் போனாங்க.

ரிசல்ட் வந்தப்ப எனக்கு ஒண்ணும் புரியலை. வீட்டுல அப்பாவுக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். லேப் ரிப்போர்ட்டுன்னா முதல்ல குளுக்கோஸைத்தான் என் கண்ணு தேடும். ராசாவோட குளுக்கோஸ் நார்மல், குத்தமே சொல்ல முடியாது. ஆனா இன்சுலின் 200க்கு மேல. காய்ஞ்ச புல் மட்டும் தின்னுட்டு சும்மா நிக்கிற குதிரைக்கு 20க்குள்ள இருந்தா நிம்மதி, 50ஐத் தாண்டினா வியாதி. வலியிலயும் பயத்துலயும் கூட இது ஏறும்னு மூணு வாரம் கழிச்சு மறுபடி எடுத்தாங்க. அப்பவும் 138. இந்த வயசுல வர்ற குஷிங் வியாதியா இருக்குமோன்னு அதுக்கும் ஒரு டெஸ்ட். அது இல்லை. ஆக இது இன்சுலின் ரெசிஸ்டன்ஸ்தான். இப்பல்லாம் டாக்டருங்க இன்சுலின் டிஸ்ரெகுலேஷன்னு சொல்றாங்க.

இங்கதான் மனுஷனுக்கும் குதிரைக்கும் ரூட் பிரியுது. நமக்கு இன்சுலின் பேச்சை உடம்பு கேக்காம, கணையம் கத்திக் கத்திக் களைச்சுப் போய், கடைசியில ரத்தத்துல சர்க்கரை ஏறுது. குதிரையோட கணையம் அவ்வளவு சீக்கிரம் களைக்கிற ஜாதி இல்ல. வருஷக் கணக்கா கத்திக்கிட்டே இருக்கும். சர்க்கரை ஏறவே ஏறாது, இன்சுலின்தான் ஏறிக்கிட்டே போகும். அந்த இன்சுலினே குளம்பைக் கொல்லும். ஆஸ்திரேலியாவுல குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துல 2007ல இதை நிரூபிச்சாங்க. நோய் நொடி இல்லாத போனிக் குதிரைகளுக்கு குளுக்கோஸ் குறையாம பார்த்துக்கிட்டு இன்சுலினை மட்டும் ஏத்திக்கிட்டே இருந்தாங்க. 72 மணி நேரத்துக்குள்ள இன்சுலின் ஏத்தின போனி எல்லாத்துக்கும் லேமினைட்டிஸ். அதைப் படிச்சுட்டு ராத்திரி தூக்கம் வரலை. ஒரு வாரம் நல்ல புல்லு கிடைச்சது, அவ்வளவுதான். ராசா தப்பா எதையும் தின்னுடலை.

புல்லு ஏன் அந்த வாரம் விஷமாச்சுன்னா, வெயில்ல புல்லு சர்க்கரை தயாரிக்கும், ராத்திரி அதைச் செலவு பண்ணி வளரும். 5 டிகிரிக்குக் கீழ போயிட்டா வளர்றது நின்னுரும். தயாரிப்பு ஓடுது, செலவு பண்ற பக்கம் ஹேங் ஆயிருச்சு, க்யூ நிரம்பிக்கிட்டே போகுது. நம்ம தொழில்ல பார்க்காததா! மறுநாளும் வெயில் அடிச்சா அதுக்கு மேல இன்னும் சேரும். பார்க்க என்னவோ அதே பச்சைப் புல்லுதான்.

அம்மாகிட்ட போன்ல சொன்னேன். "ஏங்கண்ணு, பச்சைப்புல்லு காட்டுல நெறஞ்சு கெடக்குதுங்கற, அதை விட்டுப்போட்டு காஞ்ச புல்லைத் தண்ணியில நனைச்சுப் போடறீங்களாக்கும்? வாயில்லா ஜீவன் பாவம் சும்மா விடாது பாத்துக்க"ன்னாங்க. பின்னாடியிருந்து அப்பா குரல்: "சுகரா? குதிரைக்கா? வாக்கிங் போகச் சொல்லிட்டாங்களாமா?"

வாக்கிங்கும் கூடாது. குளம்பு ஆறுற வரைக்கும் நடக்கவே விடக்கூடாது. உடற்பயிற்சி நல்ல மருந்துதான், ஆனா பாதம் சரியானப்புறம். அதனால மிச்சம் இருக்கிற ஒரே கைப்பிடி சாப்பாடு.

சாப்பாடுன்னா நம்ம ஊரு வைக்கோல் இல்லீங்க. டிமத்தி, ஆர்ச்சர்ட் கிராஸ் மாதிரி புல்லை அறுத்து வெயில்ல காய வெச்சுக் கட்டுறது. முதல்ல ராசாவோட எடை தெரியணும். குதிரையைத் தூக்கி மிஷின்ல வைக்க முடியாதே! டேப்பால நெஞ்சுச் சுற்றளவை அளந்து, அதை அதாலயே பெருக்கி, உடம்பு நீளத்தால பெருக்கி, 330ஆல வகுத்தா பவுண்டு கணக்கு வரும். அளவெல்லாம் இன்ச்சுல. 74 இன்ச், 64 இன்ச். 1062 பவுண்டு, அதாவது 482 கிலோ. இருக்க வேண்டியது 420 பக்கம். பிடரிக்குக் கீழ கழுத்து மேடு விறைச்சுப்போய் ஒரு பக்கமா சாயுற அளவுக்குக் கொழுப்பு. அந்தியூர்ல பார்த்திருந்தா நான் அதைக் கம்பீரம்னு சொல்லியிருப்பேன்.

எடையில 1.5 சதவீதம் தீவனம், ஈரம் போக. கணக்குப் போட்டா ஒரு நாளைக்கு 8 கிலோ காய்ஞ்ச புல். ஒரேயடியா பட்டினி போடவும் கூடாது. பட்டினி கிடந்தா உடம்புக் கொழுப்பு கரைஞ்சு ரத்தத்துல கொட்டி ஈரலை அடிச்சிரும், முக்கியமா போனிக்கும் கழுதைக்கும். அதனால 8 கிலோவை நாலு தடவையா, சின்னச் சின்ன ஓட்டை போட்ட வலைப்பையில அடைச்சுத் தொங்க விடணும். மெதுவா இழுத்து இழுத்துத் தின்பான். எடை போட எங்கிட்ட இருந்தது ஊருக்குப் போறப்ப 23 கிலோ பெட்டியைத் தூக்கிப் பார்க்கிற லக்கேஜ் தராசு. அது பொன்னியரிசி, ஊறுகாய் பாட்டில் எல்லாம் பார்த்த தராசு. இப்ப தினம் நாலு வேளை குதிரைப் புல் நிறுக்குது.

எடை பாதிக் கணக்குதான். மீதி, அந்தப் புல்லுக்குள்ள எவ்வளவு சர்க்கரைங்கிறது. சர்க்கரையும் ஸ்டார்ச்சும் சேர்த்து 10 சதவீதத்துக்குள்ள இருக்கணும்னாங்க டாக்டரம்மா. எப்படித் தெரியும்? நீளமான குழாயை டிரில் மிஷின்ல மாட்டி, இருபது கட்டுல குத்தி, உள்ளயிருந்து வர்றதைக் கலந்து, இதாகாவுல இருக்கிற தீவன லேபுக்கு அனுப்பினோம். லாயத்துல ஏற்கெனவே இருந்தது ரெண்டாம் அறுப்பு. மிருதுவா, பச்சையா, டீத்தூள் மாதிரி வாசனை. ராசாவுக்கு உசிரு. ரிசல்ட் 13.6. ஒருத்தர் "இது சர்க்கரை கம்மிங்க, கண்ணால பார்த்தாலே தெரியும்"னு காட்டுனது காஞ்சு மஞ்சளாப் போய்க் குச்சி குச்சியா இருந்துச்சு. அது 15க்கு மேல. வேற ஒரு பண்ணையிலருந்து வந்த மூணாவது புல்லு 8.2. மூணையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா எது எதுன்னு என்னால மட்டுமில்ல, யாராலயும் சொல்ல முடியாது. 13.6க்கும் 8.2க்கும் வித்தியாசம் ஒரு நாளைக்கு கிட்டத்தட்ட 390 கிராம் சர்க்கரை. இது தெரியாம பவுடர் வாங்கிப் போட்டு என்ன பிரயோஜனம்?

பவுடர்னதும் ஞாபகம் வருது. குதிரைக்கு இன்சுலின் குறைக்குதுன்னு பட்டைத்தூள், மக்னீசியம், குரோமியம்னு டப்பா டப்பாவா விக்கிறாங்க. நம்ம ஊரு வாட்ஸப்புல வெந்தயம், கருஞ்சீரகம், சர்க்கரைக்கொல்லின்னு ஓடுமே, அதுக்குத் தம்பி இது. பெருசா ஆதாரம் இல்லைன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. காய்ஞ்ச புல்லுல விட்டுப்போற காப்பர், துத்தநாகம், வைட்டமின் ஈ, உப்பு, இது மட்டும் போதும். அப்பா போடுற மெட்ஃபார்மின் குதிரைக் குடல்ல பத்துல ஒரு பங்கு கூட ஏறாது. அப்பாவோட இன்னொரு மாத்திரை வகை, அந்த 'ஃப்ளோசின்'னு முடியுற கோஷ்டி, குதிரைக்கு நல்லா வேலை செய்யுது. சில வருஷமா டாக்டருங்க குடுக்கிறாங்க. ஆனா ரத்தத்துல கொழுப்பு ஏறுதான்னு பார்த்துக்கிட்டே இருக்கணும். முதல்ல சாப்பாட்டைச் சரி பண்ணுவோம், மாத்திரை கையிருப்புல இருக்கட்டும்னு முடிவாச்சு.

8.2 புல்லு வந்து சேர ரெண்டு மாசம் ஆச்சு. அதுவரைக்கும் பழைய புல்லை ஊறப்போட்டோம். ஒரு மணி நேரம் தண்ணியில கிடந்தா சர்க்கரை கொஞ்சம் கரைஞ்சு போகும். எவ்வளவுங்கிறதுக்கு கேரண்டி கிடையாது. தண்ணியைக் கீழ கொட்டினா காபி டிகாக்ஷன் நிறம். நனைஞ்ச பையைத் தூக்கிப் பாருங்க, முதுகு பேசும். டிசம்பர்ல மைனஸ் 15க்குப் போச்சு. பாத்திரத்துல போட்ட புல்லு ஐஸ்கட்டிக்குள்ள மாட்டுன மீன் மாதிரி ஆயிருச்சு. அப்புறம் என் பாத்ரூம் தொட்டியில ஊற வெச்சேன். வாடகை ஒப்பந்தத்துல இதெல்லாம் இல்ல.

ஆனா இதெல்லாம் உடம்பு நோவு. நிஜமான சிக்கல் வேற. ஆப்பிள்.

தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு வீட்டுக்காரர் அந்த மரத்தடியில நின்னு ராசாவுக்கு ஒரு ஆப்பிள் குடுப்பாராம். அவர் போனப்புறம் அந்தம்மா குடுத்துட்டிருந்தாங்க. அஞ்சு ஆனா ராசா தானா மரத்தடிக்கு வந்து நிப்பான். ஆப்பிள், கேரட், சர்க்கரைக் கட்டி எல்லாம் இனிமே கிடையாதுன்னு டாக்டரம்மா சொன்னப்ப அந்தம்மா ஒண்ணும் பேசலை. ராத்திரி என்கிட்ட கேட்டாங்க. "அவனுக்கு 17 ஆச்சு. இன்னும் எத்தனை வருஷம்? புல்வெளி கிடையாது, ஆப்பிள் கிடையாது, வலைப்பையில அளந்து போட்ட காஞ்ச புல். இப்படி ஒரு வாழ்க்கை குடுக்கத்தான் அவனைக் காப்பாத்துறோமா?"

இந்தக் கேள்விக்கு என்கிட்ட ஸ்ப்ரெட்ஷீட்ல பதில் இல்ல. கணக்கு மட்டும் போட்டேன். ஒரு ஆப்பிள்ல சுமார் 19 கிராம் சர்க்கரை. தினம் தின்னுற புல்லுல இருக்கிறதுக்கு முன்னாடி அது தூசு. அப்படின்னா குடுத்துட்டுப் போகலாமேன்னுதான் தோணும். ஆனா இன்சுலின் டெஸ்ட்டே எப்படிப் பண்றாங்கன்னா, சோளப் பாகை எடைக்குத் தகுந்தபடி, ராசா சைஸுக்கு அறுபது எழுபது மில்லி, வாயில ஊத்திட்டு ஒரு மணி நேரம் கழிச்சு ரத்தம் எடுப்பாங்க. அவ்வளவு போதும், இந்த மாதிரிக் குதிரைக்கு இன்சுலின் எகிறிரும். மூணு நாலு ஆப்பிள்தான் அது. புல்லு நாள் பூரா மெதுவா இறங்குது, ஆப்பிள் ஒரே கடியில இறங்குது. ஒண்ணோட நிக்கவும் நிக்காது. மரத்துலருந்து விழறதும் இருக்கே.

அந்தம்மா ரெண்டு நாள் யோசிச்சாங்க. அப்புறம் அவங்களேதான் வழி கண்டுபிடிச்சாங்க. சக்கைப்பாகு சேர்க்காத பீட் சக்கை, சர்க்கரை எடுத்தப்புறம் மிஞ்சுறது, அதை ஊற வெச்சு ஒரு கைப்பிடி, வைட்டமினும் உப்பும் கலந்து. அதே அஞ்சு மணி, அதே மரத்தடி, அதே உள்ளங்கை. மொத நாள் முகர்ந்து பார்த்துட்டுத் தும்மி அந்தம்மா கோட்டு பூரா அபிஷேகம் பண்ணுனான். நாலாம் நாள் நக்கித் துடைச்சான். மரத்தைச் சுத்தி நான் வேலி போட்டேன். நம்ம போடுற கோடு மாதிரி இல்லாம இன்னும் உறுதியா நிக்குது.

2024 மே மாசம் அளந்தப்ப நெஞ்சளவு 70. 431 கிலோ. எடை இறங்க இறங்க தீவனமும் ஏழேகால் கிலோவுக்கு வந்துருச்சு. இன்சுலின் 41. இன்னும் முழுசா நல்லதில்ல, ஆனா நிம்மதி. ஆறு வாரத்துக்கு ஒரு தடவை லாடக்காரர் வந்து குளம்பைச் சீவி, நுனியைக் குறைச்சுட்டுப் போவார். குளம்பு மேலருந்து கீழ வளர்ந்து வர பத்துப் பன்னெண்டு மாசம் ஆகும். 2023 அக்டோபர்ல என்ன நடந்துச்சுங்கிறது குளம்புல ஒரு கோணல் வளையமா இருந்துச்சு, நம்ம லாக் ஃபைல் மாதிரி. அது மாசா மாசம் கீழ இறங்கி, 2024 அக்டோபர்ல லாடக்காரர் ராவுன தூள்ல போயிருச்சு. அந்தத் தூளை அந்தம்மா குனிஞ்சு கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தாங்க.

கோடையில வெள்ளென ரெண்டு மணி நேரம் வெளிய விடுறோம். ராத்திரி குளிராம இருந்தா மட்டும். அதுவும் வாய்ப்பூட்டோட. நம்ம ஊர்ல மாட்டுக்குப் போடுவாங்களே, அது மாதிரிதான், அடியில சின்ன ஓட்டை இருக்கும், தின்னுறது அஞ்சுல நாலு பங்கு குறைஞ்சிரும். போட்டோ பார்த்துட்டு அம்மா, "கட்டிப்போட்டு வெக்கறதுக்கு இது தேவலை"ன்னாங்க. அம்மா வாயில அது பெரிய சர்டிஃபிகேட்.

2025 ஜனவரியில மூணு வாரம் ஊருக்குப் போனேன். அந்தம்மாவுக்கு முட்டி வலி, கட்டைத் தூக்க முடியாது. பக்கத்துப் பண்ணையில ஹைஸ்கூல் படிக்கிற பொண்ணு வந்து பார்த்துக்கிட்டா. லாயக் கதவுல ஒரு பக்கத்துக்கு எழுதி ஒட்டிட்டுப் போனேன்: எத்தனை கிலோ, எத்தனை மணி, எந்த அடுக்குலருந்து எடுக்கணும், குளம்புல எங்க கை வைக்கணும், நாடி அடிச்சா யாருக்குப் போன் பண்ணணும். ஆபீஸ்ல ஆறு வருஷத்துல நான் இவ்வளவு ஒழுங்கா டாக்குமென்டேஷன் எழுதுனதில்லைன்னு என் மேனேஜர் கேட்டா வருத்தப்படுவார். தினம் தராசுப் படம் அனுப்புவா. அந்தியூர்ல காலை எட்டு மணிக்குப் படம் வரும், அப்பா இட்லித் தட்டோட என் தோளுக்கு மேல எட்டிப் பார்ப்பார். "ஒண்ணே முக்காலா, ரெண்டா?"ன்னு கேப்பார். மூணு வாரமும் ஒரு நாள் விடாம கேட்டார்.

இந்த வருஷப் புல்லுக்கு மூணு பண்ணையில குத்தி அனுப்பியிருக்கோம். ஒண்ணு 11, ஒண்ணு 9.1. மூணாவது ரிசல்ட் வரணும். 9.1 பண்ணைக்காரர் நூத்தி எழுபது கட்டு வரைக்கும் தர்றேன்னிருக்கார். சனிக்கிழமை டிராக்டர் எடுத்துட்டுப் போகணும், மழை வர்றதுக்குள்ள அடுக்கி முடிக்கணும்.